ஒன்பது மணியில் ஒரு குமிழ்

பழைய ஆம்ப் பத்தொன்பது கிலோ.
சாட்ஸ்வொர்த் மூன்றாம் மாடியிலிருந்து
நானும் சிபோனெலோவும் அதை இறக்கிக்கொண்டு
கல்யாண வீட்டுக்குப் புறப்படும்போது
எதிரில் வருகிறவர்கள் ஒதுங்கி நின்று
தொப்பியைக் கழற்றாத குறை.
போன மாதம், மின்வெட்டு முடிந்து
கரண்ட் திரும்பிய நொடியில்
ஒரே ஒரு தும்மல்.
பிறகு பொசுங்கிய வாடை.

உம்கேனி ரோட்டுக் கடையில்
மூன்றை எடுத்து மேசைமேல் வைத்தான் பையன்.
ஒவ்வொன்றும் அரை ரொட்டி பன்னி சோ அளவு.
உள்ளே பீன்ஸும் இல்லை, ஆட்டுக்கறியும் இல்லை,
ஐந்நூறு வாட்.
"நாலு ஓமில் ஐந்நூறு. எட்டு ஓமில் பாதி."
என் ஸ்பீக்கர் பெட்டி எட்டு ஓம்.
ஓம் கூடக் கூடச் சத்தம் குறையும் என்பதை
எங்கள் கோயிலில் யாரும் நம்பமாட்டார்கள்.

சிவப்பு: மலிவு, கம்ப்ரஸர் கிடையாது.
சாம்பல்: உண்டு, எந்நேரமும் உண்டு,
கூப்பிடாமலே கூட வரும் மைத்துனன் மாதிரி
அணைக்க வழியில்லை.
கறுப்பு: ஒரு குமிழ், ஒரு மஞ்சள் விளக்கு,
பதினோராயிரத்து நானூறு ராண்ட்.

"கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜில்தானே இருக்கும்?"
தவணையைக் கூட்டிக்கொண்டிருந்த சரோஷ்னி நிமிர்ந்தாள்.
இது வேறு என்றேன்.
கத்துவதை அமுக்கும், முனகுவதைத் தூக்கிவிடும்.
"அப்படியானால் வீட்டுக்கு ஒன்று வாங்கு."

எனக்கு எதற்கு என்பதைச் சொல்லவில்லை.
பைன்டவுன் செருப்பு ஃபேக்டரியில்
அடி ஒட்டும் மெஷின்
என் வலக்கை நடுவிரலின் நுனியை வைத்துக்கொண்டது.
அன்றிலிருந்து
ஆள்காட்டி விரல் மீட்டினால் வல்லினம்,
நடுவிரல் மீட்டினால் மெல்லினம்.
க ங ச ஞ ட ண
என்று நொண்டிக்கொண்டு நடக்கும் என் பேஸ்.
மைக் செட்காரர்கள் முகம் சுளிப்பார்கள்.
கேபிள் சரியில்லை என்பேன்.

கடையிலேயே குமிழைக் கடைசிவரை திருப்பினேன்.
மஞ்சள் விளக்கு எரிந்தது எரிந்தபடி.
அத்தனையும் இடையினம்,
ய ர ல வ,
எண்ணெய் போட்ட கீல்.
ஐந்து விரலும் ஒன்றா என்று கேட்பார்களே,
பதினோராயிரத்து நானூறு கொடுத்தால்
ஒன்றுதான்.

வெள்ளி இரவு, ஒத்திகை.
நாலு சுற்று வாசித்ததும்
சிபோனெலோ குச்சியை மடியில் வைத்துவிட்டான்.
"யார் வாசிக்கிறது?"
நான்தானே, கண் தெரியவில்லையா?
"இல்லை யோகன். உன் இரண்டாவது அடியைக் காணோம்.
பதினாலு வருஷமாக
அந்தப் பள்ளத்தில்தான் நான் கால் வைக்கிறேன்."

கால் என்றால் கால்தான்.
பெரிய டிரம்மின் மிதிகட்டை.
என் மெல்லினத்தின்மேல் அவன் மிதித்ததால்தான்
இத்தனை கல்யாணங்களில்
கிழவர்கள்கூட எழுந்து ஆடினார்கள்.
கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறான்,
கேபிளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல்.

நான் பெஞ்சில் உட்கார்ந்து
பேஸைச் சுருதி சேர்க்கிறவன் மாதிரி
கொஞ்ச நேரம் குனிந்திருந்தேன்.

அணைக்கவில்லை. கொடுத்த காசு அப்படி.
கடிகார முள்ளாக நினைத்துக்கொண்டால்
இப்போது அந்தக் குமிழ் ஒன்பது மணியில் நிற்கிறது.
ஆள்காட்டி விரல் வேகமாக இறங்கினால்
மஞ்சள் விளக்கு ஒரு கண் சிமிட்டும்.
நடுவிரலுக்குச் சிமிட்டாது.
அந்த இருட்டில் அவன் கால்.

மாடிப்படியில் இப்போது நான் ஒருவனே,
ஆம்ப் கடைப் பையில்,
கூடவே பாலும் ஒரு கட்டுக் கொத்தமல்லியும்.
தவணை இன்னும் பத்து.
சரோஷ்னி குமிழை உற்றுப் பார்த்தாள்:
"அவ்வளவு பணம் கட்டி
கால்வாசிகூடத் திருப்பவில்லையா?"